லயம் முதல் விடுதி வரை

காய்ச்சலுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது என்ற பேச்சு ஒவ்வொரு பரவலின்போதும் எழுகிறது. 2025 அக்டோபரில் மலேசியப் பள்ளிகளில் ஏறத்தாழ 6,000 மாணவர்களை இன்ஃபுளுவென்சா தொற்றியது. தொற்றுத் திரள்கள் சிலாங்கூரில்தான் மிக அதிகம். தொற்றுவதில் பேதம் இல்லாமல் இருக்கலாம். சாவதில் பேதம் உண்டு என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறே சாட்சி. 1918-இன் பிற்பகுதியில் உலகை உலுக்கிய இன்ஃபுளுவென்சா மலாயாவில் ஏறத்தாழ 35,000 பேரைக் கொன்றதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோரிடையே இழப்பு மிகக் கடுமையாக இருந்தது. ஓர் அறையில் ஒரு குடும்பம், ஒரே கூரையின்கீழ் பல அறைகள் என்று நீண்ட லயத்தில் ஒருவர் இருமினால் வரிசையே படுத்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்காத நாளுக்குக் கூலி இல்லை என்பதால், படுக்க வேண்டியவர்களும் வேலைக்குப் போனார்கள்.

அந்தக் காய்ச்சல் உலகெங்கும் இளவயதினரையே அதிகம் கொன்றது, தோட்டங்களில் இருந்தவர்களும் பெரும்பாலும் இளவயதினர், ஆகவே குற்றம் வயதினுடையது என்று ஒருவர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே வயதுக்காரர்களை மலேரியாவும் கொக்கிப்புழுவும் அதற்கு முன்பே உருக்குலைத்திருந்தன. அவை விதியால் வந்தவை அல்ல. மருத்துவர் மால்கம் வாட்சன் யோசனைப்படி சதுப்பு நிலத்தை வடித்த பிறகு, 1901-இல் 334 ஆக இருந்த கிள்ளான் நகரின் மலேரியா நோயாளிகள் 1905-இல் 12 ஆகக் குறைந்தார்கள். அரசு கைவைத்த இடத்தில் நோய் தணிந்தது. இன்ஃபுளுவென்சா வைரஸ் மனிதரிடம் கண்டறியப்பட்டதே 1933-இல்தான், 1918-இல் என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்விக்கும் இதுவே பதில்: மருந்து இல்லாவிட்டாலும் காற்றோட்டமான வீடு, கூலியோடு ஓய்வு, வயிறார உணவு ஆகியவற்றைத் தந்திருக்கலாம்.

மருத்துவம் வளர்ந்த பின்னும் இந்தக் கணக்கு மாறவில்லை. 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிற்சாலை ஊழியர்களின் நெரிசலான விடுதிகளில் கோவிட் பரவி, ஆயிரக்கணக்கானோரைத் தொற்றியது. தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் திருத்தப்பட்டு, அதே ஆண்டு ஜூனில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஏட்டில் இருந்த சட்டம் கட்டில்களுக்கு இடையே இடைவெளியை உண்டாக்கவில்லை. அன்று லயத்தில் தமிழர். இன்று விடுதியில் நேபாளியும் வங்கதேசத்தவரும். லயத்தில் மாண்டவர்களின் வாரிசுகளான நாம்தான், அந்த விடுதிகளைச் சோதிக்கவும் நோயுற்றவருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கவும் முதலில் குரல் எழுப்ப வேண்டும்.