அன்னபூரணி: உழைத்த கலம் உலாக்கலம் ஆன வரலாறு

சில ஆண்டுகளின் முன் மாணவர் சிலருடன் பேசாலைக் கரையில் உலாவினேன். ஆங்கே பழைய மரவள்ளம் ஒன்று பலகை பிளந்து மணலிற் கிடந்தது. இதனை விறகாக்குவதன்றி வேறு பயன் உண்டோ என மாணவனொருவன் வினவினான். அன்று நான் தக்க விடை கூறினேனல்லேன். அவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையினை ஈண்டு ஆராய்வாம்.

மன்னார்க் கரை கலங்களாற் புகழ்பெற்றது. திருக்கேதீச்சரத்தை அணிசெய்த மாதோட்டம் பண்டைநாட் பெருந்துறையாகும். 1905 ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த முத்துச் சலாபத்திற்கு ஈழத்துக் கலங்களேயன்றிக் கீழக்கரைக் கலங்களும் திரண்டன. எனினும், அவற்றுள் ஒன்றனையேனும் இன்று நாம் காட்டவியலாது. உழைப்பு முடிந்ததும் அவை உருவழிந்தன.

இவ்விதிக்கு விலக்காயமைந்த கலமொன்று வடகரையிலே தோன்றிற்று. வல்வெட்டித்துறையில் 1930 ஆம் ஆண்டளவில் வேப்பமரத்தாற் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்பதே அது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரம் இரண்டு. வல்வைத் தோணிகள் இரங்கூன், அக்கியாப்பு முதலாய துறைகளிலிருந்து அரிசி ஏற்றிய காலம் அது. நீராவிக் கப்பல்களின் போட்டியால் அவ்வாணிகம் நாளடைவிற் தளர்ந்தது.

இந்நிலையில் வில்லியம் ஆல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அக்கலத்தை விலைக்கு வாங்கினார். இவர் 32 அடி நீளமுள்ள 'சுவாப்' என்னும் சிறு பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகை வலம்வந்தவர். பொருளேற்றும் தோணியில் அழகினைக் கண்ட இவர், தம் மனைவியார் பெயரால் அதற்குப் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். 1937 இல் அக்கலம் ஈழத்தைவிட்டு நீங்கியது. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்னும் தண்டையலும் வல்வை மாலுமிகளும் அதனைச் செலுத்தினர். சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ரர், பெர்மியூடா ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகஸ்டு 1 ஆம் நாள் மசச்சூசெற்சு மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அது அடைந்தது. அமெரிக்க நாளிதழ்கள் அச்செய்தியை வியந்து வெளியிட்டன.

உழைப்பாளரின் கலம் செல்வரின் விளையாட்டுப் பொருளாயிற்றே என வருந்துவாருமுளர். அவ்வருத்தம் முற்றும் பொய்யன்று. ஆயினும், மரக்கலத்தின் இயல்பினை நாம் உணர்தல் வேண்டும். நீரில் நிற்கும்வரை பலகைகள் ஊறிப் பருத்து மூட்டுகளை இறுக்கும். கரையேற்றி வாளாவிடின் அவை உலர்ந்து சுருங்கி மூட்டுகள் வாய்விடும். மூட்டுகளிற் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசும் கலப்பத்து வேலையை இடையறாது செய்தல் வேண்டும். பயனற்ற கலத்திற்கு அச்செலவை எவர் ஏற்பர்? ஆகவே, பழைய தொழில் நீங்கிய கலத்திற்குப் புதுத்தொழில் வாய்த்தாலன்றி உயிரில்லை. உலாவும் ஒரு தொழிலே.

அன்னபூரணி உணர்த்தும் பாடம் பிறிதொன்றுமுண்டு. அதன் அளவும் வழியும் நாளும் இன்று நமக்குத் தெரிகின்றன; அதனோடு ஓடிய எத்தனையோ தோணிகளின் பெயர்தானும் நமக்குத் தெரியாது. அயலார் விரும்பியபின்னரே நாம் அதனைப் போற்றத் தொடங்கினோம். கலம் கடல்கடந்தது, கட்டிய கையின் திறமோ ஈழத்திலேயே தேய்ந்தது.

இன்று மன்னார்க் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. மீனவர்க்கு அவை எளியவை. அவர்களைக் குறைகூறல் தகாது. எனினும், எஞ்சிய மரவள்ளங்களுள் ஒன்றிரண்டையேனும் செப்பனிட்டு, மாணவரும் விருந்தினரும் ஏறிச் செல்லும் உலாக்கலமாக நீரில் விடுதல் நம்மால் இயலாததன்று. அப்பணியிலே முதிய தச்சர்க்குக் கூலி கிட்டும்; இளைஞர்க்குக் கலப்பத்துக் கைவரும். அதற்குமுன் கோலும் கயிறும் கொண்டு அவ்வள்ளத்தின் நீள அகலங்களை அளந்து எழுதிவைத்தல் ஆசிரியரும் மாணவரும் இன்றே செய்யத்தக்கது.

அம்மாணவன் மீண்டும் வினவின், விறகாக்குமுன் அளந்து எழுதுக. அளந்தபின் விறகாக்க மனம் வாராது என்பேன்.