முகவரியை மறைப்பதா, மடலை வடிகட்டுவதா?

1978 மே மாதம், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் விற்பனைப் பொறுப்பில் இருந்த கேரி தூர்க், புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கு வரச் சொல்லி இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பின் பயனர்கள் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மடலை அனுப்ப ஏற்பாடு செய்தார். முகவரிகள் அச்சிட்ட பயனர் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. கேட்காமல் வரும் விளம்பர மடலுக்கு ஸ்பேம் என்ற பெயரே வராத காலம் அது. ஆயினும் பொதுவில் கிடக்கும் முகவரியை அள்ளுவது, கேட்காத மடலைத் தள்ளுவது என்ற இரு செயல்களும் அன்றே சேர்ந்துவிட்டன.

முதற்செயலுக்கு எதிராக முகவரியை மறைக்கிறோம். இரண்டாவதற்கு எதிராக வடிகட்டியை நிறுத்துகிறோம். வடிகட்டிகள் இவ்வளவு தேறிவிட்ட பிறகு முகவரியை மறைப்பது வீண்வேலை என்று கணினித் துறையினர் பலர் கருதுகின்றனர். தனிமனிதர் விஷயத்தில் அக்கருத்து பிழை, பொது அலுவலகங்கள் விஷயத்தில் சரி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2005இல் புதிதாகத் தொடங்கிய முகவரிகளை இணையத்தின் பல இடங்களில் இட்டு ஐந்து வாரம் கவனித்தது. வடிகட்டி வைத்திருந்த இரண்டு சேவை நிறுவனங்களில் ஒன்று ஏறத்தாழ 86 விழுக்காடு ஸ்பேமைத் தடுத்தது; மற்றொன்று 95 விழுக்காடு. அதே ஆய்வில், அப்படியே எழுதி வைத்த முகவரிகளுக்கு 6,400க்கு மேற்பட்ட ஸ்பேம் மடல்கள் வர, '@' குறிக்குப் பதில் 'ஏட்' என்று சொல்லாக எழுதி மறைத்தவற்றுக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. வலைப்பக்கங்களிலிருந்து முகவரிகளை அள்ளும் அறுவடை நிரல்களுக்கு அந்த மறைப்பை அவிழ்ப்பது கடினமன்று. ஒரு வரி நிரல் போதும். திறந்து கிடந்தவையே ஏராளமாக இருந்ததால் அவை மெனக்கெடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் வடிகட்டியின் ஆதரவாளர்கள், அன்றைய 95 இன்று 99ஐத் தாண்டிவிட்டதே என்பார்கள். உண்மைதான். ஆனால் தடுத்த ஸ்பேமை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு. நல்ல மடல் எத்தனை தவறுதலாக ஒதுக்கப்பட்டது என்பதே மீதிக் கணக்கு. அதைத்தான் யாரும் காண்பதில்லை. 2002இல் நிரலாளர் பால் கிரகாம் சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு ஸ்பேமை இனங்காணும் முறையை விளக்கியபோது, இந்த ஆபத்தை வடிவமைப்பிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரு சொல் நல்ல மடல்களில் வந்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். மடலில் மிகத் தெளிவாக ஒரு பக்கம் சாயும் 15 சொற்களை எடுத்து, ஒட்டுமொத்த நிகழ்தகவு 0.9ஐத் தாண்டினால்தான் ஸ்பேம் என்றார். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வடிகட்டி தருவது ஊகமே. அந்த ஊகம் தவறும்போது வேலைக்கு விண்ணப்பித்தவரின் மடல் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. ஸ்பேமரின் கைக்கே போகாத முகவரிக்குக் கடுமையான வடிகட்டி தேவையில்லை; ஆகவே இந்தச் சிக்கலும் குறைவு.

மறைப்புக்கும் எல்லை உண்டு. அறுவடை இப்போது வலைப்பக்கங்களோடு நிற்பதில்லை. 2017இல் ஒரு ஸ்பேம் கும்பலின் சர்வரில் 71 கோடிக்கும் அதிகமான முகவரிகள் கண்டெடுக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வெளிவந்த 'கலெக்‌ஷன் 1' தொகுப்பில் 77 கோடிக்கும் மேல். களவுபோன தரவுத்தளங்களிலிருந்து இப்படிக் கசியும்போது, 'ஏட்' என்று எழுதிவைத்ததால் பயனில்லை. ஆகவே மறைப்பு என்பதன் பொருள் இன்று மாற வேண்டும். கடைக்கும் செயலிக்கும் தனித்தனி மாற்று முகவரி தந்து, ஸ்பேம் வரத் தொடங்கியதும் அதை மட்டும் முடக்குவதே தனிமனிதருக்கு ஏற்ற மறைப்பு.

பொது அலுவலகங்களின் நிலை வேறு. தமிழ்நாட்டின் மாவட்ட நிர்வாக இணையதளங்களில் ஆட்சியரின் முகவரியைப் பாருங்கள்: '@' இருக்கவேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் 'ஏட்', புள்ளிக்குப் பதில் 'டாட்'. பட்டா மாறுதலுக்கு மனு அனுப்ப வரும் முதியவர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் மடல் போகாது. திரைவாசிப்பான் வழியே கேட்கும் பார்வையற்றவர் காதில் கேட்டதை முகவரியாகத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு வரி நிரலால் தாண்டக்கூடிய வேலி, மனு கொடுப்பவரைத்தான் நிறுத்துகிறது. அதுவும் அந்த முகவரி எப்படியும் அரசாணைகளிலும் செய்திக்குறிப்புகளிலும் அச்சாகியிருக்கும். மறைக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. தன்னை அணுகும் வழியைத் திறந்து வைப்பது அலுவலகத்தின் கடமை. ஸ்பேமின் சுமையையும் அதுவே ஏற்க வேண்டும்.

அரசு அலுவலகங்கள் முகவரியை முழுதாக, சொடுக்கினால் மடல் திறக்கும்படி வெளியிட வேண்டும். வடிகட்டி ஒதுக்கியவற்றை நாள்தோறும் பார்த்து, மனுக்களை மீட்டெடுக்க ஒரு பணியாளரைப் பொறுப்பாக்க வேண்டும்.