ராட்சதப் பூசணியின் வம்சாவளி: விதைத் தேர்வும் கலப்பும், 1857–2025

2025 அக்டோபரில் இங்கிலாந்தில் எடைபோடப்பட்ட ஒரு பூசணி 1278.8 கிலோ இருந்தது. இரட்டையர்களான இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் வளர்த்த அந்தக் காய்தான் இன்றைய உலகச் சாதனை. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் சாதனை படைத்த பூசணியின் எடை 403 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 183 கிலோ. இடைப்பட்ட காலத்தில் எடை ஏழு மடங்காகியிருக்கிறது. ஆனால் இந்த ஏற்றம் சீரானதல்ல. 1904க்குப் பின் எழுபத்திரண்டு ஆண்டுகள் அந்த எடையை எவரும் தாண்டவில்லை. ஏற்றம் முழுவதும் கடைசி ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்தது.

உரம், பசுமைக்குடில், மண் பரிசோதனை ஆகியவற்றுக்கு இதில் பங்கு உண்டு. எனினும் விதையின் தாய் எது, தந்தை எது என்று எழுதிவைத்து, அந்தக் குறிப்போடு விதையைப் பிறருக்குக் கொடுக்கும் வழக்கம் தோன்றியதே தலையாய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாயை மட்டும் தெரிந்த காலம்

ராட்சதப் பூசணி குக்கர்பிட்டா மாக்சிமா என்னும் தென் அமெரிக்க இனத்தைச் சேர்ந்தது. நம் சந்தைகளில் பரங்கி, மஞ்சள் பூசணி என்று விற்பது பெரும்பாலும் குக்கர்பிட்டா மொஸ்சாட்டா என்ற வேறோர் இனம். கல்யாண வீட்டுச் சாம்பாருக்குப் போகும் சாம்பல் பூசணி பேரினத்திலேயே வேறானது. மாக்சிமா இனத்தின் பெருங்காய் ரகங்கள் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் வட அமெரிக்காவிலும் விதை வணிகர்களிடம் புழங்கின.

அக்காலத்து நிலைக்கு அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ நல்ல சாட்சி. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அப்போது உழவர்களுக்கு விதை அனுப்பிவந்தது. அங்கிருந்து வந்த, பெரிய மஞ்சள் காய் என்று பிரெஞ்சில் பெயரிட்ட ஆறு விதைகளை அவர் 1857இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கன்கார்டில் நட்டார். இரண்டு முளைத்தன. ஒன்றில் காய்த்த காய் 123.5 பவுண்டு, சுமார் 56 கிலோ இருந்தது. வட்டாரக் கண்காட்சியில் பரிசும் வென்றது. அதை வாங்கியவர் விதைகளை ஒவ்வொன்றும் பத்து சென்ட் விலைக்கு விற்க நினைத்தார் என்ற செய்தியைத் தோரோ காடுகள் குறித்த தம் 1860ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். பெரிய காயின் விதைக்குத் தனி விலை உண்டு என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது என்பதற்கு இது சான்று.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கோடரிச் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். 1893இல் சிகாகோவில் 365 பவுண்டு, 1900இல் பாரிசில் 400, 1904இல் செயின்ட் லூயிசில் 403. அதோடு வளர்ச்சி நின்றது. பென்சில்வேனியாவில் 451 பவுண்டுக் காய் ஒன்று அந்த எடையைத் தாண்டுவதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை நீண்ட தேக்கம்? பூசணிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ விடியலில் மலர்ந்து ஒரே காலையில் வாடிவிடும். அதற்குள் தேனீ எந்தக் கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவருகிறதோ அதுவே தந்தை. பக்கத்துத் தோட்டத்தில் மாக்சிமா இனத்தின் சிறிய ரகம் எது இருந்தாலும் கலந்துவிடும். காயின் சதை முழுவதும் தாய்ச்செடியின் திசு என்பதால் கலப்பின் தடயம் அந்த ஆண்டுக் காயில் தெரியாது. விதைக்குள் ஒளிந்திருந்து மறு ஆண்டில்தான் வெளிப்படும். எனவே மிகப் பெரிய காயைப் பார்த்து விதை எடுத்தவர் மரபில் ஒரு பாதியை மட்டுமே தேர்ந்தெடுத்தார். மறுபாதி தேனீயின் போக்கில் விடப்பட்டது. தாயின் பக்கம் சேர்த்த ஆதாயம் தந்தையின் பக்கம் கரைந்துகொண்டே இருந்தது என்பது என் முடிவு.

பூவைக் கட்டியவர்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து விண்ட்சரில் பண்ணை வைத்திருந்த ஹோவர்ட் டில் (1934–2008) பல்கலைக்கழகம் சென்று தாவர மரபியல் கற்றவரல்லர், தாமே படித்துக்கொண்டார். கோடரிச் ஜெயன்ட், ஜெனுவின் மாமத் ஆகிய ரகங்களைக் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, அட்லாண்டிக் ஜெயன்ட் என்ற ரகத்தை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகிலேயே கனமான பூசணி அவருடையதாக இருந்தது. 1981இல் அவர் நிறுத்த காய் 493.5 பவுண்டு. 1986இல் அமெரிக்காவில் அந்த ரகத்துக்குத் தாவர ரகப் பாதுகாப்பும் கிடைத்தது.

கையால் மகரந்தம் சேர்ப்பதே இத்தகைய தேர்வின் அடிப்படை வேலை. மறுநாள் மலரப்போகும் பெண்மொட்டை முதல் நாள் மாலையே அடையாளம் கண்டு, தேனீ புகாதபடி இதழ்களைக் கட்டிவிட வேண்டும், அல்லது பையால் மூட வேண்டும். ஆண்மொட்டையும் அப்படியே காக்க வேண்டும். விடிந்ததும் ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளி, மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவி, மீண்டும் மூடிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் இந்த வேலை தந்தைவழியைத் தேனீயிடமிருந்து மனிதர் கைக்கு மாற்றியது.

இங்கே பூசணியின் இயல்பும் துணைநின்றது. மக்காச்சோளம் போன்ற அயல்மகரந்தப் பயிர்களைத் தன்னோடு தானே கலந்தால் சில தலைமுறைகளில் நலிந்துவிடும். பூசணிக் குடும்பத்தில் அந்த நலிவு குறைவு. அதனால் நல்ல கொடி ஒன்றை அதன் சொந்த மகரந்தத்தாலேயே கலந்து குணங்களை நிலைப்படுத்தவும், பிறகு இன்னொரு வழியோடு குறுக்கே கலக்கவும் முடிந்தது.

டில் ஒருவரையே இந்த வரலாற்றின் நாயகராகச் சொல்லும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மை. அவருடைய சாதனைக் காய்கள் 500 பவுண்டைத் தொடவில்லை. அதன் பிறகு வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பவுண்டு, அவர் விதையைப் பெற்றவர்களின் உழைப்பு.

விதைக்கு ஒரு முகவரி

பயிர்ப் பெருக்க வல்லுநர் ஒரு கலப்பின் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் நட்டுத்தான் தரம் பார்ப்பார். ராட்சதப் பூசணியில் அது நடவாத காரியம். ஒரு கொடி படர எழுபது, எண்பது சதுர மீட்டர் வேண்டும். ஒரு கொடியில் ஒரு காயை மட்டுமே விடுகிறார்கள். வீட்டுத் தோட்டக்காரர் ஓர் ஆண்டில் சில கொடிகளுக்கு மேல் வளர்க்க முடியாது. ஒரே காயின் சில நூறு விதைகளைச் சோதிக்க நூறு தோட்டங்கள் வேண்டும். அந்த நூறு தோட்டங்களின் விளைவும் ஓரிடத்தில் எழுதப்பட வேண்டும்.

இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே விதைக்குப் பெயரிடும் முறை. காயின் எடை, வளர்த்தவரின் குடும்பப் பெயர், விளைந்த ஆண்டு மூன்றும் சேர்ந்தால் விதையின் பெயர். அதன் பின்னால் தாய் முதலாகவும் தந்தை அடுத்தும் எழுதப்படும். தேனீ சேர்த்ததென்றால் ‘திறந்த சேர்க்கை’ என்று ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். பதிவுபெற்ற எடைபோடும் விழாக்களை இன்று கிரேட் பம்ப்கின் காமன்வெல்த் என்ற அமைப்பு ஒருங்கிணைக்கிறது. விதைகளில் பெரும்பகுதி அஞ்சல் உறையில் இலவசமாகவே கைமாறுகிறது. புகழ்பெற்றவை சங்க நிதிக்காக ஏலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகின்றன.

பதிவேடு கற்பித்த மிகப் பெரிய பாடம், மிகப் பெரிய காய்தான் மிகச் சிறந்த தாய் என்ற பழைய நம்பிக்கை தவறு என்பதே. 2007இல் ஜோ ஜுட்ராஸ் வளர்த்த 1689 பவுண்டுச் சாதனைக் காயின் தாய் 1228 பவுண்டு, தந்தைவழிக் காய் 998 பவுண்டு. அப்போது உலகச் சாதனை 1502. ரான் வாலஸ் 2012இல் முதன்முறையாக 2000 பவுண்டைத் தாண்டி 2009ஐ எட்டியது ‘1409 மில்லர்’ விதையிலிருந்து. அன்றைய சாதனையோ 1818.5. பெல்ஜியத்தின் மத்தியாஸ் வில்லமைன்ஸ் 2016இல் நிறுத்த 1190.5 கிலோக் காயின் தாய் ‘2145 மெக்மல்லன்’. அதுவும் சாதனைக் காயன்று. ஒரு காயின் எடையில் வெயிலும் மண்ணும் கலந்திருக்கும். பல தோட்டங்களில் பிள்ளைகள் எப்படி விளைந்தன என்பதில்தான் மரபு தெரியும். இதைப் பதிவேடு இல்லாமல் வார்னாக் கண்டறிந்திருக்க முடியாது.

தேர்வு எடையோடு நிற்கவில்லை. காய் உச்ச வளர்ச்சியில் நாளொன்றுக்கு இருபது கிலோ கூடும்போது காம்படியிலோ அடிப்பக்கத்திலோ வெடிக்கும். வெடிப்பு உட்குழி வரை சென்றால் போட்டியில் இடமில்லை. காம்பைச் சுற்றி விழும் வளைய வெடிப்புக்கு டில் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆகவே வெடிக்காத தோலும் தேர்வில் சேர்ந்தது. மூன்று திசை அளவுகளைக் கூட்டி எடையை மதிப்பிடும் அட்டவணை வந்தபின், மதிப்பீட்டைவிடக் கூடுதலாக நிறுக்கும் காய்கள், அதாவது சதை தடித்தவை, தாயாக விரும்பப்பட்டன.

செடியின் உள்ளே என்ன மாறியது? ஜெசிகா சாவேஜ், மிஷேல் ஹால்புரூக் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சிறிய காய் ரகங்களோடு ஒப்பிடும்போது ராட்சத ரகங்களின் காம்புகளில் சர்க்கரையைக் கடத்தும் பட்டைத் திசு மிகுந்திருப்பதைக் காட்டியது. குழாய்களின் அமைப்பு மாறவில்லை, திசுவின் அளவே கூடியது.

இவ்வளவு ஏற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. இன்றைய போட்டிக் காய்கள் கிட்டத்தட்ட எல்லாமே டில் வழியில் வந்தவை. நெருங்கிய உறவுகளுக்குள் மீண்டும் மீண்டும் கலந்தவை. மாக்சிமாவின் காட்டு மூதாதை அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் காய் மிகச் சிறியது என்பதால் போட்டியாளர்கள் எவரும் அதைக் கலக்கத் துணிவதில்லை. வேர் அழுகல், வைரஸ் நோய்களுக்கு ஈடுகொடுக்கும் குணங்களைத் தேட வேண்டிய காலம் வரும்போது கைகொடுக்கக் கூடியவை அத்தகைய உறவினங்களே.

சாதனைப் பட்டியல்கள் வளர்த்தவரின் பெயரையும் எடையையும் மட்டும் அச்சிடுகின்றன. பூசணியின் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு சாதனைக்கும் எதிரே தாய்விதை, தந்தைவிதை, அவற்றைக் கொடுத்தவர் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். 1190.5 கிலோ என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மெக்மல்லன் என்ற பெயரும் நிற்கட்டும்.