மத்தியகால ஐரோப்பியத் திருச்சபையும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

மத்தியகால ஐரோப்பாவின் வரலாற்றினைக் கிறித்தவத் திருச்சபையின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 476ஆம் ஆண்டில் மேற்கு உரோமப் பேரரசு வீழ்ச்சியுற்ற பின்னர், சட்டத்தையும் கல்வியையும் ஆவணங்களையும் பேணி நின்ற பெரு நிறுவனம் திருச்சபையே ஆகும். ஆயிரம் ஆண்டுகள் அது ஐரோப்பிய மக்களின் வாழ்வை வழிநடத்தியது. ஆயின் அதன் செல்வாக்கு ஐரோப்பாவின் எல்லையோடு நின்றுவிடவில்லை. போர்த்துக்கேயரின் கப்பல்களிலேறி அது மட்டக்களப்பு வாவிக்கரை வரை வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்தது யாது, அதற்கு இம்மண் அளித்த விடை யாது என்பவற்றைக் காத்தான்குடியையும் அதன் சூழலையும் முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருச்சபை ஐரோப்பிய சமூகத்துக்கு ஆற்றிய பணிகள் பல. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் வகுத்த ஒழுங்குவிதியின் வழிநின்ற துறவிமடங்கள், செபத்தோடு உடலுழைப்பையும் கடமையாக்கின. காடு திருத்தி வயலாக்கியோரும், பழைய நூல்களைப் பிரதி செய்து காத்தோரும் இத்துறவிகளே. பேராலயங்களைச் சார்ந்த பள்ளிகளிலிருந்தே பாரிஸ் பல்கலைக்கழகம் வளர்ந்தது. தொலேடோ நகரில் அரபு மொழியிலிருந்து இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட இப்னு சீனா, இப்னு ருஷ்து ஆகியோரின் நூல்கள் அப்பல்கலைக்கழகத்தின் சிந்தனையை ஊக்குவித்தன. திருமணம் திருவருட்சாதனமாக்கப்பட்டது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், எத்தனையாம் தலைமுறை உறவினர்வரை மணஞ்செய்தல் ஆகாது என்பதையும் வரையறுத்தது. பிறப்பு முதல் அடக்கம் வரை திருச்சபையின் கை படாத நிகழ்ச்சி குடியானவனின் வாழ்வில் இருக்கவில்லை எனலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவனே சமூகத்தின் முழு உறுப்பினன் என்னும் கொள்கை படிப்படியாக வேரூன்றியது. 1077இல் நான்காம் ஹென்றி மன்னன் கனோசாவில் பாப்பரசரின் மன்னிப்புக்காகக் காத்து நின்றமை, திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவன் அரசனாயினும் ஆட்சியில் நிலைத்தல் அரிது என்பதை உணர்த்திற்று. 1095இல் பாப்பரசர் இரண்டாம் ஊர்பன் கிளெர்மோன்ற் நகரில் விடுத்த அழைப்புச் சிலுவை யுத்தங்களுக்கு வித்திட்டது. புறத்தே முஸ்லிம்களுக்கு எதிராக எழுந்த அதே வாள், 1209இல் தென் பிரான்சில் வாழ்ந்த அல்பிஜென்சியர் என்னும் கிறித்தவப் பிரிவினர்மீதும் பாய்ந்தது. 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் யூதர்களை வெளியேற்றின. 1496இல் போர்த்துக்கல் மன்னன் மனுவேல், யூதர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரையும் நாடு நீங்குமாறு கட்டளையிட்டான். ஒரு நாடு, ஓர் அரசு, ஒரு சமயம் என்னும் எண்ணம் இவ்வாறு அரச கொள்கையாயிற்று.

அக்கட்டளை பிறந்து பத்து ஆண்டுகள் கழியுமுன்னரே போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர் என்பது மனங்கொளத்தக்கது. 1455இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் விடுத்த ஆணை, கடல்வழி கண்ட நாடுகளில் வணிகம் செய்யவும், முஸ்லிம்களையும் பிற சமயத்தவரையும் அடக்கவும் போர்த்துக்கல் மன்னனுக்கு உரிமை வழங்கியிருந்தது. அவர்கள் தம்முடன் ஒரு சொல்லையும் கொணர்ந்தனர். ஐபீரியாவிலும் வட ஆபிரிக்காவிலும் தம்முடன் பொருதிய முஸ்லிம்களை அழைத்த 'மூர்' என்னும் பெயரையே இலங்கை முஸ்லிம்களுக்கும் இட்டனர். சோனகர் எனத் தமிழில் வழங்கிய சமூகம் ஆங்கில ஆவணங்களில் இன்றும் அப்பெயராலேயே குறிக்கப்படுகின்றது. பழைய பகையொன்றின் பெயர், அப்பகையோடு எத்தொடர்புமற்ற மக்கள்மீது நிலைத்துவிட்டது.

கோட்டை மன்னன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றான். கோயில்களுக்குரிய நிலங்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளுக்கு வழங்கப்பட்டன. 1602இல் இயேசு சபையினரும் வந்தனர். அச்சபையைச் சேர்ந்த குவேறோஸ் சுவாமியார் 1687இல் எழுதி முடித்த இலங்கை வரலாற்று நூலின் பெயரே, இத்தீவின்மீது கொண்ட உலகியல் வெற்றியையும் ஆன்மீக வெற்றியையும் ஒருசேரக் குறிக்கின்றது. வாளும் சிலுவையும் ஒன்றெனக் கொண்ட மத்தியகால மனப்பாங்கிற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். இதற்குச் சமயப் பகையோடு வணிகப் போட்டியும் காரணமாயிற்று. வெளியேற்றப்பட்டோருக்குக் கண்டி மன்னன் செனரத் புகலிடம் அளித்தான். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை அவன் மட்டக்களப்பிற் குடியமர்த்தினான் என்பது குவேறோஸ் தரும் செய்தியாகும். செனரத்தின் செயலை வெறும் கருணையெனக் கொள்ளுதல் பொருந்தாது. கிழக்குக் கரையைக் காப்பதற்கு வீரரும் துறைமுகங்களை இயக்குவதற்கு வணிகரும் அவனுக்குத் தேவைப்பட்டனர். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டியமை அக்கரையின் முக்கியத்துவத்தைக் காட்டும். எனினும், பௌத்த மன்னனொருவன் தன் நலன் கருதியேனும் வேற்றுச் சமயத்தவரைத் தன் குடிகளாக ஏற்றான் என்பதே இங்கு நோக்கற்பாலது. லிஸ்பனில் அன்று இயலாதிருந்த ஒன்று கண்டியில் இயல்வதாயிற்று.

செனரத்தின் காலத்துக்கு முன்னரும் வாவிக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். திமிலருடன் நிகழ்ந்த போரில் முக்குவருக்கு முஸ்லிம்கள் துணைநின்றனர் என்றும், அதன் பயனாக இரு சாராருக்குமிடையே மண உறவு ஏற்பட்டதென்றும் மட்டக்களப்பு மரபுகள் கூறுகின்றன. அம்மரபுகளை வரலாறாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவையெனினும், அவை சுட்டும் உறவின் தடம் சமூக அமைப்பிலே தெளிவாக உள்ளது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்து, நெசவாலும் வணிகத்தாலும் பெயர்பெற்ற காத்தான்குடியில், தாய்வழிக் குடிமுறை நெடுங்காலம் நிலவியது. குடிகளின் சார்பில் மரைக்கார்மார் பள்ளிவாசலை நிருவகித்தனர். தமிழரின் கோயில்களில் வண்ணக்கர் ஆற்றிய பணிக்கு இது இணையானது. வீடு மகளுக்கு உரியதாகும். மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். சில குடிகளின் பெயர்கள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. ஐரோப்பியத் திருச்சபை உறவுமுறைகளையே மாற்றியமைக்க முற்பட்டது. வாவிக்கரையிலோ இஸ்லாம் ஏற்கெனவே இருந்த உறவுமுறையினுள்ளே குடிபுகுந்து, அதனோடு ஒத்து வளர்ந்தது.

1638இல் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையுடன் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த சபையினராகிய அவர்கள், ஆளுவோரின் சமயமே குடிகளின் சமயமாதல் வேண்டும் என்னும் பழைய எண்ணத்திலிருந்து மாத்திரம் பிரிந்தாரில்லை. அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமாருக்கு அடைக்கலம் தருவதைக் குற்றமாக்கினர். அவ்வேளை கத்தோலிக்கருக்குப் புகலிடமாயிருந்தது கண்டி இராச்சியமே. 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசே வாஸ் அடிகள், 1692இல் கண்டியை அடைந்தார். தொடக்கத்தில் ஒற்றனென ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டாராயினும், பின்னர் மன்னனின் ஆதரவோடு பணிபுரிந்தார். கத்தோலிக்க அரசினால் துரத்தப்பட்ட முஸ்லிம்களை ஏற்ற அதே இராச்சியம், பிற்காலத்தில் துரத்தப்பட்ட கத்தோலிக்கரையும் ஏற்றது. துரத்தியோரின் வழித்தோன்றல் எனக் கருதித் துயருற்றோரைத் தள்ளாமை, இம்மண்ணின் அரசியல் அறிவு எனலாம்.

திருச்சபையின் மற்றொரு முகமாகிய கல்வி, 1814இல் வில்லியம் ஓல்ற் என்னும் மெதடிஸ்த குருவானவரோடு மட்டக்களப்புக்கு வந்தது. அவர் தொடக்கிய பள்ளி பின்னர் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக மலர்ந்தது.  வாளோடு வந்தபோது எதிர்ப்பைக் கண்ட சமயம், ஏட்டோடு வந்தபோது பிற சமயத்தவரையும் வளர்த்தது.

ஆயினும் ஒருமை நாடும் வெறி எச்சமயத்துக்கோ எவ்வினத்துக்கோ தனியுரிமையன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1626ஆம் ஆண்டு மீண்டும் வந்ததுபோன்றிருந்தது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் சிறுவர்கள் உட்படப் பலர் குண்டுக்கு இரையாயினர். அன்று நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தாக்குதல்களை வழிநடத்தியவன் காத்தான்குடியிற் பிறந்தவன் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவன் முதலிற் பகைத்தது கிறித்தவரை அன்று. தன் ஊரிலேயே வாழ்ந்த சூபி வழியினரான முஸ்லிம்களையே. 2017இல் அவர்களுடன் ஏற்பட்ட மோதலின் பின்னரே அவன் தலைமறைவானான். அல்பிஜென்சியருக்கு நேர்ந்ததை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது. ஒருமை வேண்டும் வாள் புறத்தாரோடு நிற்பதில்லை. தன் வீட்டாரையும் தேடி வரும்.

மத்தியகாலத் திருச்சபை உலகுக்கு இரண்டு கொடைகளை விட்டுச் சென்றது. ஒன்று பல்கலைக்கழகம், மற்றையது வெளியேற்றற் கட்டளை. இவ்விரண்டும் வாவிக்கரையை அடைந்தன. அவற்றுள் எதனைப் போற்றுவது, எதனைத் தள்ளுவது என்பதைச் செனரத்தின் காலத்து மட்டக்களப்பு அறிந்திருந்தது. அவ்வறிவினை மீட்டெடுத்தல் வாவியின் இரு கரைகளிலும் வாழும் இன்றைய தலைமுறையினரின் கடனாகும்.