பற்றரிக்கு இன்னொரு பெயர் இருந்தது

மூன்று பற்றரி போடும் பழைய நீட்டு டோர்ச் லைட் இன்றும் சில வீடுகளில் இருக்கும். கடையில் நாம் "மூன்று பற்றரி தாங்க" என்றுதான் கேட்போம். விஞ்ஞான பாடத்தில் கணக்கு வேறு. தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு மின்கலம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் குழாய்க்குள் இறங்கிய பிறகுதான் அது பற்றரி, அதாவது மின்கல அடுக்கு. பிள்ளைகள் இந்த "அடுக்கு" என்ற சொல்லைப் பரீட்சைக்காகப் பாடமாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எங்கிருந்து வந்த எண்ணம் என்று தெரிந்தால் அந்தப் பாடமே வேறு மாதிரி விளங்கும். அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் "பற்றரி". இது இராணுவச் சொல். வரிசையாக நிறுத்தி ஒன்றாகச் சுடும் பீரங்கித் தொகுதிக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அடித்தல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அதை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1749ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றில், இரு பக்கமும் ஈயத் தகடு ஒட்டிய 11 கண்ணாடிப் பலகைகளை இணைத்துத் தாம் செய்த கருவியை அவர் மின் பற்றரி என்று குறிப்பிட்டார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவி மின்சாரத்தை உண்டாக்கவில்லை. வெளியே உராய்வினால் உண்டாக்கிய மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்து, ஒரே வெடிப்பில் கொட்டியது. இன்றைய பாஷையில் அது கொள்ளளவிகளின் தொகுதி. பீரங்கிப் பெயர் அதற்கு நன்றாகவே பொருந்தியது.

தொடர்ச்சியாக மின்னோட்டம் தரும் கருவி வர இன்னும் 50 வருடங்கள் ஆனது. அந்தக் கதை தவளையில் தொடங்குகிறது. இத்தாலியின் பொலோனியா நகரில் உடற்கூற்றியல் கற்பித்த லுயிஜி கல்வானி, அறுத்து வைத்த தவளைக் கால்கள் இரண்டு உலோகங்கள் தொடும்போது துடிப்பதைக் கண்டார். உயிரினத்தின் உடலுக்குள்ளேயே ஒரு தனி மின்சாரம் உண்டு என்று 1791இல் எழுதினார். பாவியா பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ வோல்ற்றா முதலில் அதை வியந்து பாராட்டினார், பிறகு மறுத்தார். மின்சாரம் தவளையில் இல்லை, இரண்டு வேறுபட்ட உலோகங்கள் தொடுவதில்தான் இருக்கிறது, தவளைக் கால் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான் என்றார். கல்வானி இந்த வாதத்தின் முடிவைப் பார்க்கவில்லை. நெப்போலியன் நிறுவிய புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் பதவியை இழந்து, 1798 டிசம்பரில் காலமானார்.

1800 மார்ச் 20ஆம் திகதி வோல்ற்றா, இலண்டன் றோயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்கு பிரெஞ்சு மொழியில் ஒரு கடிதம் எழுதினார். வெள்ளி வட்டு ஒன்று, நாக வட்டு ஒன்று, உப்புநீரில் நனைத்த மட்டை ஒன்று. மீண்டும் வெள்ளி, நாகம், மட்டை. இப்படி 30, 40, 60 சோடி என்று தூண் போல உயர்த்திக்கொண்டே போகலாம். மேலேயும் கீழேயும் கை வைத்தால் அதிர்ச்சி கிடைக்கும். ஒரு தடவை கொட்டி முடிந்துவிடாமல் திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

இதற்கு அவர் வைத்த பெயர்தான் சுவையானது. "செயற்கை மின் உறுப்பு" என்றார். ஏனென்றால் மின் திருக்கையின் உடலில் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தமது கருவியும் அதே மாதிரி என்று கண்டார். எங்கள் பார்வையில் அது வெறும் பெயர் இல்லை, கல்வானிக்குச் சொன்ன பதில். மீனிடம் இருப்பதையே உயிரில்லாத உலோகத்தைக் கொண்டு செய்து காட்டலாம் என்றால், உயிருக்கென்று தனி மின்சாரம் எதற்கு?

ஆனால் உலகம் அந்தப் பெயரை எடுக்கவில்லை. பார்த்தவர்களின் கண்ணுக்கு அது ஒரு குவியல், ஒரு அடுக்கு. பிரெஞ்சில் "பீல்", இத்தாலியனில் "பிலா", ஆங்கிலத்தில் "பைல்". மூலம் தூண் என்று பொருள்படும் லத்தீன் சொல். அரபியிலும் வோல்ற்றாவின் கருவிக்குத் தூண் என்ற பொருளில் "அமூத்" என்கிறார்கள்.

எந்த விளக்கத்தையும் சுமக்காத இந்தப் பெயர்தான் நிலைத்தது. உலோகங்கள் தொட்டுக்கொள்வதே போதும் என்ற வோல்ற்றாவின் விளக்கமும் பின்னர் நிற்கவில்லை. மின்னோட்டத்துக்கான சக்தி இரசாயனத் தாக்கத்திலிருந்து வருகிறது என்பது தெளிவானது. அடுக்கு மட்டும் அடுக்காகவே இருந்தது. அதே 1800ஆம் ஆண்டில் இலண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் இப்படியொரு அடுக்கைக் கட்டி, நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிட்டார்கள்.

அடுக்குக்கு ஒரு கஷ்டம் இருந்தது. உயரம் கூடக்கூட மேலேயுள்ள உலோகத்தின் பாரம் கீழேயுள்ள மட்டையை நசுக்கி உப்புநீரைப் பிழிந்துவிடும். வில்லியம் குருக்ஷாங்க் என்பவர் தூணைப் படுக்கவைத்து, மரத்தொட்டிக்குள் தகடுகளை வரிசையாக நிறுத்தித் திரவத்தை ஊற்றினார். இப்போது அது குவியலும் இல்லை, தூணும் இல்லை. பீரங்கிகளைப் போல வரிசை. ஆங்கிலத்தில் பிராங்கிளினின் பழைய பெயர் மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. ஹம்ப்ரி டேவி 1807இல் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தது இத்தகைய பற்றரிகளைக் கொண்டுதான்.

பிரான்சும் இத்தாலியும் ஸ்பெயினும் மாறவில்லை. பாரிஸில் மணிக்கூட்டுக்கு பற்றரி வாங்கப் போகிறவர் இன்றும் "பீல்" என்றுதான் கேட்பார். கார் பற்றரிக்கு மட்டும் "பற்றரி". எங்களுக்கு இது நல்ல ஏற்பாடாகவே தெரிகிறது; தீர்ந்தால் எறிவதற்கு ஒரு சொல், மறுபடி சார்ஜ் பண்ணுவதற்கு இன்னொன்று.

அடுக்குகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு உலர் அடுக்குகளுக்குக் கீழே இரண்டு சிறு மணிகள். இடையில் ஒரு சின்ன உலோகக் குண்டு அங்குமிங்கும் ஆடி அவற்றைத் தட்டுகிறது. 1840இல் வைக்கப்பட்டதாக அதில் எழுதியிருக்கிறது. அந்த அடுக்குகளுக்குள் சரியாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறந்தால் நின்றுவிடும் என்று யாரும் திறக்கவில்லை. டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய எங்கள் தலைமுறைக்கு இது கொஞ்சம் பொறாமையான செய்திதான்.

ஆங்கிலத்தில் "பைல்" ஒரு தடவை திரும்பி வந்தது. 1942 டிசம்பர் 2ஆம் திகதி, சிக்காகோவில் என்ரிக்கோ பெர்மியின் குழு காரீயக் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, உலகின் முதலாவது அணு உலையை இயக்கியது. அதன் பெயர் "சிக்காகோ பைல் 1". பெர்மி இத்தாலியர். ஆகவே வோல்ற்றாவின் நினைவாகத்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார் என்று அவரது நண்பர் எமிலியோ செக்ரே நினைத்திருந்தார். கேட்டபோது பெர்மி இல்லையென்றாராம். குவியல் என்ற சாதாரண ஆங்கிலச் சொல்லைத்தான் பாவித்தாராம்.