ஈப்போ ரப்பர் தோட்டமும் ஒரு 'லாம்' செய்த கலாட்டாவும்

போன ஞாயிறு அல்சூரில் ஒரு நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. கோலாலம்பூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு பெங்களூரில் செட்டிலாகி ஆறு வருஷம் ஆனவர். அங்கே வாங்கிப் போட்ட ஃப்ளாட்டில் வாடகை வருகிறது. "அங்கேயே வரி கட்டிடறேனே சார், இங்கே எதுக்குக் காட்டணும்?" என்றார். ரசம் ஆறும்வரை ஒரு கதை சொன்னேன். அதே கதை இங்கேயும்.

நம் நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன காலத்தில், 1922-ம் வருஷச் சட்டப்படி, வெளிநாட்டு வியாபார லாபத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால்தான் வரி. 1939-ல் திருத்திவிட்டார்கள். ஆள் இங்கே குடியிருந்தால் பணம் அக்கரையிலேயே கிடந்தாலும் வரி. கொண்டுவராத வருமானத்தில் 4,500 ரூபாய்க்கு மட்டும் விலக்கு.

இரண்டு நாடும் வரி கேட்டால்? அதற்குத்தான் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம். மலேசியாவுடன் 1976-ல் போட்டார்கள். அதன்பின் வந்தது குழந்தகன் செட்டியார் நிறுவனத்தின் வழக்கு. ஈப்போ ரப்பர் தோட்டத்தில் வருமானம் 88,424 ரூபாய், சொத்து விற்ற லாபம் 18,113 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தில், சொத்து இருக்கும் நாட்டில் 'வரி விதிக்கப்படலாம்' என்றிருந்தது. "லாம் என்றால் எங்களுக்கும் உரிமை உண்டு" என்பது வரித்துறையின் வாதம். 2004 மே மாதம் செட்டியார் பக்கம் தீர்ப்பானது. மலேசியாவுக்குப் போன வருமானத்தில் இந்தியா கை வைக்க முடியாது!

நண்பர் பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் காலத்துக் கதையைத்தான். பாதிக் கதை அவருக்குத் தெரியவில்லை. ஒப்பந்தம் விளக்காத சொல்லுக்கு அரசே பொருள் சொல்லலாம் என்று 2003-லேயே சட்டத்தில் வழி வைத்திருந்தார்கள். 2008 ஆகஸ்டில் அறிவிக்கை வந்தது. 'லாம்' என்றிருந்தாலும் அந்த வருமானத்தை இந்தியக் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு ஒப்பந்தப்படி கழிவு கிடைக்கும்.

ஊர் திரும்பிய முதல் இரண்டு மூன்று வருஷம் பலருக்குச் சலுகை உண்டு. அது முடிந்ததும் வாடகையையும் காட்டணும், வீட்டையும் காட்டணும். வெளிநாட்டு வீட்டை மறைத்தால், 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் அபராதம் போடலாம். வரியே பாக்கி இல்லாவிட்டாலும் இந்த அபராதம் வரலாம் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம்.

நண்பர் மனைவி மெதுவாகக் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா நாங்க காட்டலையே?"

பாயசத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆடிட்டர் நம்பரைத் தேடிக் கொடுத்தேன்.

டிஸ்கி: அடியேன் வெறும் பி.காம்., ஆடிட்டர் இல்லை. உங்கள் கணக்கை உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.