திரும்பி வந்த ஏவுகணைகள்

2022 நவம்பர் 26 அன்று பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் உக்ரைன் போர் குறித்த தன் அன்றாடக் குறிப்பில் ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டது. உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட ரஷ்ய ஏவுகணை ஒன்றின் சிதைவுகள் படங்களில் காணக் கிடைக்கின்றன. அது 1980களில் அணுகுண்டைச் சுமப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கேஎச்-55 வகை. அதன் வெடிமுனை கழற்றப்பட்டு, அந்த இடத்தில் வெறும் எடைக்கட்டி பொருத்தப்பட்டிருக்கக்கூடும். இவ்வளவுதான் செய்தி. வெடிக்காத ஓர் ஏவுகணையை எதற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏவ வேண்டும் என்ற கேள்விக்குப் போர்த்தந்திரம் சார்ந்த விடை எளிது. எதிரியின் வான்காப்புப் படை அதை வீழ்த்தத் தன் விலையுயர்ந்த தடுப்பு ஏவுகணை ஒன்றைச் செலவிட்டாக வேண்டும். ராடார் திரையில் வருவது வெறுங்கூடா, வெடிப்பதா என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தச் செய்திக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நாற்பதாண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

க்ரூஸ் ஏவுகணையை ரஷ்ய மொழியில் ‘கிரிலாதயா ரகேதா’ என்கிறார்கள். சிறகுள்ள ஏவுகணை என்று பொருள். ஆங்கிலப் பெயரைவிட இது பொருத்தமான பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இது உண்மையில் ஆளில்லாத ஒரு சிறு விமானம். வானில் வளைந்தேறி விழும் பாலிஸ்டிக் ஏவுகணையைப் போலன்றி, இது இறக்கைகளின் பலத்தில், தாரை எந்திரத்தின் உந்துதலில், பயணிகள் விமானத்தை ஒத்த வேகத்தில், நிலத்தை ஒட்டி ஊர்ந்து செல்வது. குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து கேஎச்-55 கீழே விழும்போது அதன் இறக்கைகள் மடங்கியிருக்கும். விழுந்தவுடன் அவை விரியும். உடலுக்குள் ஒளிந்திருக்கும் எந்திரம் ஒரு தண்டின் வழியே வெளியே இறங்கி இயங்கத் தொடங்கும். பறக்கும் வழியில் நிலத்தின் மேடுபள்ளங்களை ராடார் உயரமானியால் அளந்து, தன் நினைவில் பதிக்கப்பட்ட நிலவரைபடத்தோடு ஒப்பிட்டுத் திசையைத் திருத்திக்கொள்ளும். 2,500 கிலோமீட்டர் அப்படிப் போகும். முனையில் 200 கிலோ டன் அணுகுண்டு. ஹிரோஷிமாவில் வெடித்தது 15 கிலோ டன் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

விமானத்திலிருந்து ஏவுவதன் பயன் என்ன? விமானி எதிரியின் வான்வெளிக்குள் நுழையவே தேவையில்லை. இந்த எண்ணம் புதிதன்று. 1944இல் பிரான்ஸ் கடற்கரையிலிருந்த தங்கள் ஏவுதளங்களை இழந்துகொண்டிருந்த ஜெர்மானியர், வி-1 பறக்கும் குண்டுகளை ஹைன்கல் விமானங்களின் இறக்கையடியில் கட்டி வட கடலுக்கு மேலிருந்து ஏவினார்கள். அவ்வாண்டின் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மான்செஸ்டரை நோக்கி ஏவப்பட்டவையும் அவையே. குறி தவறுவதே அவற்றின் இயல்பாக இருந்தது. குறி தவறாத, அணுகுண்டு சுமக்கும் வாரிசுகள் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு வல்லரசுகளிடமும் வந்து சேர்ந்தன. அமெரிக்கரிடம் ஏஜிஎம்-86; சோவியத்திடம் கேஎச்-55.

கேஎச்-55 மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள துப்னா நகரின் ராதுகா நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டது. ஆனால் முதலில் உற்பத்தியானது உக்ரைனின் கார்கிவ் விமானத் தொழிற்சாலையில். அதன் எந்திரம் ஸபோரிஷ்ஷியா நகரில் செய்யப்பட்டது. சோவியத் யூனியன் என்ற ஒற்றை உடல் இருந்தவரை இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1991இல் அந்த உடல் சிதறியபோது, உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் உக்ரைன் மண்ணில் கிடந்தது. கீவுக்குக் கிழக்கே ப்ரிலூகி விமானதளத்தில் மட்டும் 19 டு-160 விமானங்கள். அன்றைய உலகின் மிகப்பெரிய போர்விமானம் அது. ரஷ்யாவிடம் அப்போது ஓரிலக்க எண்ணிக்கையில்தான் அவை இருந்தன. உஸின் தளத்தில் டு-95எம்எஸ் விமானங்கள் நின்றன. அவற்றுக்கான கேஎச்-55கள் ஆயிரத்தையொட்டி இருந்தன.

1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் உக்ரைன், ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்பாட்டைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அணு ஆயுதங்களை உக்ரைன் கைவிடும். அதன் எல்லைகளை மற்ற மூவரும் மதிப்பார்கள். 1996 ஜூனுக்குள் உக்ரைனில் இருந்த அணு வெடிமுனைகள் அனைத்தும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பின் நடந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

வெடிமுனையை இழந்த கேஎச்-55 எதற்கு உதவும்? சாதாரண வெடிமருந்தைச் சுமக்கும் வகை உக்ரைனிடம் இல்லை. அதைச் சுமக்க வேண்டிய டு-160, கண்டம் விட்டுக் கண்டம் பறப்பதற்கானது. எரிபொருளுக்கே திண்டாடிய நாட்டில் அது ஓடுபாதையோரம் நின்று துருவேறியது. ஒருபுறம் நன்-லூகர் திட்டத்தின் கீழ் அமெரிக்கா பணம் கொடுத்து விமானங்களை வெட்டச் சொன்னது. 1998 நவம்பரில் ப்ரிலூகியில் முதல் டு-160 துண்டாடப்பட்டது. மறுபுறம் ரஷ்யாவிடம் எரிவாயுக் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. 1999இல் ஓர் ஒப்பந்தம். 8 டு-160, 3 டு-95எம்எஸ், 575 க்ரூஸ் ஏவுகணைகள். ஈடாகச் சுமார் 28.5 கோடி டாலர் எரிவாயுக் கடன் கழிக்கப்பட்டது. விமானங்கள் வோல்கா நதிக்கரையிலுள்ள எங்கெல்ஸ் தளத்துக்குப் பறந்தன, ஏவுகணைகள் ரயிலேறின. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை பழைய இரும்பாயின. ஒரு டு-160 மட்டும் பொல்தாவா அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கப்பட்டது.

இதை மடமை என்று இன்று சொல்வது சுலபம். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடேற்ற வாயு வேண்டிய ஓர் அரசு, தனக்குப் பயன்படாத ஆயுதத்தைக் கொடுத்துக் கடனடைத்தது. அன்றைய கணக்கில் அதில் பிழை காண்பது கடினம். அந்த இருப்பு உக்ரைனிலேயே இருந்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் 12 கேஎச்-55கள் ஈரானுக்கும் 6 சீனாவுக்கும் கள்ளத்தனமாகப் போய்ச் சேர்ந்ததை 2005இல் உக்ரைன் அரசு வழக்கறிஞர் அலுவலகமே ஒப்புக்கொண்டது. பத்தாண்டுகள் கழித்து ஈரான் காட்சிக்கு வைத்த சூமர் ஏவுகணையைப் பார்த்தவர்கள் அதன் தாய் யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அணுகுண்டுக்கென்று பிறந்த ஆயுதம் சாதாரணப் போருக்கு இறங்கி வந்த கதையை அமெரிக்கர் தொடங்கிவைத்தார்கள். 1991 ஜனவரி 16 காலை லூயிசியானாவின் பார்க்ஸ்டேல் தளத்திலிருந்து ஏழு பி-52 விமானங்கள் கிளம்பின. அணு வெடிமுனை நீக்கப்பட்டு, செயற்கைக்கோள் வழிகாட்டலோடு சாதாரண வெடிமருந்து பொருத்தப்பட்ட 39 ஏவுகணைகள் அவற்றில் இருந்தன. அப்படியொரு ஆயுதம் இருப்பதே அப்போது ரகசியம். சவூதி அரேபியாவின் வடபகுதி வானிலிருந்து இராக் மீது 35 ஏவுகணைகளை விடுத்துவிட்டு, மொத்தம் சுமார் 35 மணி நேரம் தரையிறங்காமல் பறந்து ஊர் திரும்பினார்கள். ஓராண்டு கழித்துத்தான் உலகுக்குச் சொன்னார்கள். இரவு உணவுக்குத் தன் வீட்டுக்குத் திரும்புகிற வீரன், தான் அழித்த ஊரைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. இந்தப் போர்முறையின் அறச்சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது.

ரஷ்யர்களும் அதே வழியில் கேஎச்-55ஐ மாற்றி கேஎச்-555 ஆக்கினார்கள். புதிதாக கேஎச்-101ஐச் செய்தார்கள். 2015 நவம்பரில் சிரியாவின் மீது அவற்றை முதன்முறையாகப் போரில் ஏவினார்கள். டு-160, டு-95எம்எஸ் ஆகிய விமானங்களுக்கும் அதுவே முதல் போர்.

2022 பிப்ரவரிக்குப் பின் உக்ரைன் நகரங்களின் இரவுகள் இந்த விமானங்களின் பயண அட்டவணையைச் சார்ந்தவையாயின. எங்கெல்ஸிலிருந்தோ, வடகோடியில் முர்மான்ஸ்க் அருகேயுள்ள ஒலென்யாவிலிருந்தோ டு-95கள் கிளம்பிவிட்டன என்ற செய்தி கைபேசியில் வரும். அவை ஏவும் இடத்தை அடையச் சில மணி நேரம். ஏவிய பின் ஏவுகணை வந்து சேர மேலும் ஒரு மணி, இரண்டு மணி. நள்ளிரவில் கிளம்பிய விமானத்துக்காக விடியும்வரை காத்திருக்க வேண்டும். வழியில் அது திசை மாறும். லிவிவ் நோக்கிப் போவதுபோல் போய்க் கீவுக்குத் திரும்பும். குழந்தையை இப்போதே எழுப்பிச் சுரங்க ரயில் நிலையத்துக்குத் தூக்கிப் போவதா, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கவிடுவதா என்று ஒரு தாய் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பீரங்கிக்கு அஞ்சுபவருக்கு இந்த அவகாசம் இல்லை. இந்த வதையும் இல்லை. 2024 ஜூலை 8 பகலில் கீவின் ஒக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனையைத் தாக்கியது கேஎச்-101 என்று ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்பாளர்கள் கருதினார்கள். ரஷ்யா மறுத்து, உக்ரைனின் வான்காப்பு ஏவுகணை மீது பழியைப் போட்டது.

இப்போது முதலில் சொன்ன வெறுங்கூட்டுக்கு வருவோம். சுட்டு வீழ்த்தப்படும் கேஎச்-55களில் தாங்கள் 1999இல் கைமாற்றியவையும் உண்டு என்று உக்ரைனின் ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் கூறினார்கள். கார்கிவில் பிறந்து, எரிவாயுவுக்கு விலையாகப் போனது, எரிவாயுக் குழாய்களும் மின்நிலையங்களும் நொறுக்கப்படும் ஒரு குளிர்காலத்தில் பிறந்த நாட்டின் வானத்துக்கே திரும்பியிருக்கிறது.

உக்ரைனும் இதே வகை ஆயுதத்தைக் கையிலெடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023 மே மாதம் பிரிட்டன் ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணைகளை அளித்தது. அவற்றைத் தாங்குபவை சோவியத் காலத்து சு-24 விமானங்கள். அவ்வாண்டு செப்டம்பரில் செவஸ்தபோல் துறைமுகத்தின் உலர்துறையில் நின்ற ஒரு நீர்மூழ்கியும் ஒரு கப்பலும், ஒன்பது நாட்கள் கழித்துக் கருங்கடல் கடற்படைத் தலைமையகமும் தாக்கப்பட்டன.

எங்கெல்ஸ் தளத்துக்கும் பாதுகாப்பு நிலைக்கவில்லை. புடாபெஸ்ட் உடன்பாடு கையெழுத்தாகிச் சரியாக 28 ஆண்டுகள் நிறைந்த 2022 டிசம்பர் 5 அன்று, சோவியத் காலத்து ஆளில்லா விமானங்கள் அதைத் தாக்கியதாக ரஷ்யாவே அறிவித்தது. அவை டு-141 வகை என்று பரவலாகக் கருதப்படுகிறது. 1970களின் இறுதியிலிருந்து பத்தாண்டுகள் அந்த விமானங்களைக் கட்டியதும் அதே கார்கிவ் தொழிற்சாலைதான். பின்னர் 2025 ஜூன் 1 அன்று, லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோகப்பட்ட சிறு ட்ரோன்கள் ஒலென்யாவிலும் சைபீரியாவின் பெலாயாவிலும் கூரையற்ற மைதானத்தில் நின்ற டு-95களைத் தேடிப்போய் எரித்தன. அவ்வகை விமானத்தின் உற்பத்தி சோவியத் சிதைந்த சிறிது காலத்திலேயே நின்றுவிட்டது. எரிந்தவற்றுக்கு மாற்றாகப் புதிதாகச் செய்ய இன்று ரஷ்யாவாலும் இயலாது.